பாடிக்காட்டிய ரேடியோ

1985 ஜூன் மாதம். கனடாவின் மேற்குக் கோடியில் வான்கூவர் தீவு. அதில் டங்கன் என்றொரு சிற்றூர். அந்த ஊர் வுல்வொர்த் கடையில் இந்தர்ஜித் சிங் ரேயத் என்பவர் ஒரு சான்யோ டியூனர் வாங்கினார். ஸ்டீரியோ செட்டோடு இணைத்து வானொலி கேட்பதற்கான பெட்டி அது. ரேடியோ வாங்கிப் போகிறவர்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

ஜூன் 23. ஜப்பானின் நரிட்டா விமான நிலையம். வான்கூவரிலிருந்து வந்திறங்கிய விமானத்தின் பெட்டிகளை, பாங்காக் போகும் ஏர் இந்தியா விமானத்துக்காகத் தொழிலாளர்கள் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டி வெடித்தது. இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். வானத்தில் வெடிக்க வேண்டிய குண்டு தரையில் வெடித்துவிட்டது. அந்தப் புகை அடங்கும் முன்பே, 55 நிமிடங்களில், அயர்லாந்துக் கரைக்கு அப்பால் பறந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ ரேடார் திரையிலிருந்து மறைந்தது.

329 உயிர்கள். கனிஷ்கா புறப்படும் முன் டொரன்டோவில் நடந்ததை இன்று படித்தாலும் பதைக்கிறது. பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த எக்ஸ்ரே இயந்திரம் நடுவில் நின்றுபோனது. மிச்சப் பெட்டிகளைக் கையில் பிடித்து மோப்பம் பார்க்கும் கருவியால் சோதித்தார்கள். ஒரு பெட்டியருகே அந்தக் கருவி ஒலியும் எழுப்பியது. ஆனாலும் பெட்டிகள் விமானத்தில் ஏறின. நரிட்டாவில் ஜப்பானியப் போலீசார் சிதறல்களைச் சல்லடை போட்டுப் பொறுக்கி ஒட்டவைத்துப் பார்த்தபோது, குண்டு ஒளிந்திருந்த கூடு எதுவென்று தெரிந்தது: ஒரு சான்யோ டியூனர். அந்தத் தடம் பசிபிக் கடலைத் தாண்டி டங்கன் ஊர்க் கடை வரை போய் நின்றது. நரிட்டா வழக்கில் ரேயத்துக்கு 1991-இல் தண்டனை கிடைத்தது.

அந்த டியூனர் இருந்தது சரக்கறைக்குப் போகும் பெட்டிக்குள். பயணி தன் கையிலேயே ஒரு ரேடியோவை எடுத்துக்கொண்டு சோதனை வாசலுக்கு வந்தால்? அதற்கான பதில் இரண்டரை ஆண்டுகளில் பாக்தாத்துக்கு வந்து சேர்ந்தது.

1987 நவம்பர் இறுதி. ஈராக் அப்போது ஈரானோடு போரில் இருந்தது. பாக்தாத் விமான நிலையத்தில் சோதனை மிகக் கடுமை. பேட்டரி எதுவும் உள்ளே போகக் கூடாது. ஜப்பானியத் தந்தை, மகள் என்று பாஸ்போர்ட் காட்டிய இருவர் வரிசையில் வந்தார்கள். தந்தைக்கு எழுபதை ஒட்டிய வயது, மகளுக்கு இருபத்தைந்து. மகளின் பையில் ஒரு பானாசோனிக் டிரான்சிஸ்டர் ரேடியோ. சோதனைப் பெண் அதன் பேட்டரிகளைக் கழற்றி எடுத்துவிட்டார். பேட்டரி போனால் டைமரும் போனது. டைமர் போனால் அவர்கள் வந்த காரியமே போனது.

இருவரும் வட கொரிய உளவாளிகள். மகளாக நடித்தவர் கிம் ஹியோன் ஹுய். பிறகு நடந்ததை அவரே பின்னாளில் சொன்னார். முதியவர் பேட்டரிகளைத் திரும்ப எடுத்து ரேடியோவில் பொருத்தினார். பித்தானைத் திருகினார். ரேடியோ ஒலித்தது. “பார்த்தீர்களா, வெறும் ரேடியோதான். வேறெந்த ஊரிலும் இப்படிப் படுத்துவதில்லையே” என்ற தொனியில் சத்தம் போட்டார். பாடுகிற ரேடியோவில் என்ன தப்பு இருக்க முடியும்? விட்டுவிட்டார்கள்.

அந்த ரேடியோ உண்மையிலேயே பாடியது. அதே கூட்டுக்குள் 350 கிராம் சி-4 வெடிமருந்தும் இருந்தது. துணைக்கு மதுப்புட்டியில் திரவ வெடிமருந்து. கொரியன் ஏர் 858-இன் இருக்கைக்கு மேலிருந்த பெட்டகத்தில் இரண்டையும் வைத்துவிட்டு, அபுதாபியில் இருவரும் இறங்கிக்கொண்டார்கள். விமானம் பாங்காக்கை நோக்கிப் பறந்தது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மத்தியக் கிழக்கின் கட்டுமானத் தளங்களில் வேலை முடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த கொரியத் தொழிலாளர்கள். அந்தமான் கடலுக்கு மேலே விமானம் வெடித்தது. 115 பேரும் மாண்டார்கள். இரண்டு நாள் கழித்து பஹ்ரைனில் பிடிபட்டபோது உளவாளிகள் இருவரும் சயனைடைக் கடித்தார்கள். முதியவர் இறந்தார். கிம் பிழைத்துக்கொண்டார். அவர் பிழைத்ததால்தான் பாக்தாத் வாசலில் ரேடியோ பாடிய கதை உலகத்துக்குத் தெரிந்தது.

ஒரு பொருள் வேலை செய்கிறது என்பதற்காக அது வெறும் பொருள் என்று நம்பிவிட முடியாது. பாதுகாப்புத் துறையினர் இந்தப் பாடத்தை 1987-லேயே கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை. அடுத்த ரேடியோ ஓராண்டுக்குள் ஜெர்மனியில் தயாரானது.

1988 அக்டோபர் 26. மேற்கு ஜெர்மனிப் போலீசார் ஒரு பாலஸ்தீனத் தீவிரவாதக் குழுவைச் சுற்றி வளைத்தார்கள். நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘இலையுதிர் கால இலைகள்’. நாய்ஸ் நகரில் பிடிபட்ட காரில் ஒரு தோஷிபா ரேடியோ கேசட் பிளேயர் இருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே செம்டெக்ஸ் வெடிமருந்து, அதோடு காற்றழுத்தத்தை அளக்கும் கருவி. விமானம் உயரே ஏறி அழுத்தம் குறைந்ததும் வெடிப்பதற்கான ஏற்பாடு. மாடலின் பெயர் ‘பாம்பீட்’. விதி சில சமயம் இப்படித்தான் பெயர் வைக்கிறது.

எச்சரிக்கைகள் நாடு நாடாகப் போயின. பிரிட்டனின் போக்குவரத்துத் துறையும் விமான நிறுவனங்களுக்கு ஒரு சுற்றறிக்கை தயாரித்தது. குண்டு எப்படி இருக்கும் என்று காட்ட வண்ணப்படம் வேண்டும் என்று காத்திருந்ததில் நாட்கள் போயின. சுற்றறிக்கையில் போட்ட தேதி டிசம்பர் 19. அது பல நிறுவனங்களின் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டிசம்பர் 21 மாலை. லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் புறப்பட்ட பான் ஆம் 103, கிளம்பிய 38-ஆவது நிமிடத்தில், 31,000 அடி உயரத்தில் உடைந்தது. ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊர்மேல் அதன் துண்டுகள் எரிந்துகொண்டே விழுந்தன. விமானத்தில் 259 பேர், தரையில் 11 பேர், மொத்தம் 270 பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கான சதுர மைல் வயலிலும் காட்டிலும் ஆட்கள் வரிசையாக நடந்து துணுக்குகளைப் பொறுக்கினார்கள். ஒரு விரல்நுனி அளவு சர்க்யூட் போர்டுத் துண்டு கிடைத்தது. எல்லை தாண்டி இங்கிலாந்துப் பக்கம் ஒரு வயலில் காகிதக் கிழிசல் கிடைத்தது. அது ஒரு ரேடியோ கேசட் பிளேயரின் பயன்பாட்டுக் கையேடு. நிறுவனம் தோஷிபா. குடும்பப் பெயர் அதே ‘பாம்பீட்’. உள்ளே இருந்த செம்டெக்ஸ் அரைக் கிலோவுக்கும் குறைவு.

அரைக் கிலோ வெடிமருந்தை எக்ஸ்ரேயில் பார்க்க முடியாதா என்று எல்லோரும் கேட்டார்கள். சிக்கல் அங்கேதான் இருந்தது. எக்ஸ்ரே படம் நிழல்தான். பெட்டிக்குள் மேலும் கீழுமாக இருக்கும் பத்துப் பொருள்களும் ஒரே தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிழல் விடும். துப்பாக்கியும் கத்தியும் உலோகம், கறுப்பாகத் துலங்கும். பிளாஸ்டிக் வெடிமருந்து அப்படியல்ல; அதன் நிழல் சோப்புக் கட்டியையோ பாலாடைக்கட்டியையோ ஒத்தது. டெட்டனேட்டருக்கு வயர் வேண்டும், பேட்டரி வேண்டும், சர்க்யூட் வேண்டும். இவையெல்லாம் ரேடியோவில் இயல்பாகவே இருக்கின்றன. குண்டு செய்கிறவனுக்கு எலெக்ட்ரானிக் சாதனத்தைவிட வசதியான மறைவிடம் எங்கே கிடைக்கும்?

லாக்கர்பியில் சொந்தங்களை இழந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் கொடுத்த நெருக்கடியால் அமெரிக்காவில் ஆணையம் அமைந்தது. 1990-இல் விமானப் பாதுகாப்புக்கெனப் புதுச் சட்டம் வந்தது. வெடிமருந்தைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் வேண்டும் என்றது சட்டம். அந்தத் தேடல் போய் நின்ற இடம் ஆஸ்பத்திரி! லண்டனில் 1971-இல் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு ஒரு நோயாளியின் மூளையைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, அடுக்கடுக்காகப் பார்த்துக் காட்டினாரே, அந்த சிடி ஸ்கேன். மனிதத் தலைக்குள் கட்டியைத் தேடிய தொழில்நுட்பத்தை சூட்கேஸுக்குள் குண்டைத் தேடத் திருப்பினார்கள். இன்விஷன் என்ற நிறுவனத்தின் சிடிஎக்ஸ் 5000 இயந்திரத்துக்கு 1994 டிசம்பரில் அமெரிக்க அரசின் சான்று கிடைத்தது. ஆனால் அது மிகப் பெரியது, விலையும் மிக அதிகம். சரக்கறைப் பெட்டிகளைப் பார்க்க மட்டுமே சரிப்பட்டது. பயணிகள் கையோடு கொண்டுபோகும் பைகளுக்குப் பழைய எக்ஸ்ரேதான். அதே டிசம்பரில் மணிலாவில் ஒருவன் கைப்பையோடு விமானம் ஏறினான்.

அவன் ராம்சி யூசுப். டிசம்பர் 11, பிலிப்பைன் ஏர்லைன்ஸ் 434. கையில் காசியோ டிஜிட்டல் கடிகாரம், காண்டாக்ட் லென்ஸ் கழுவும் புட்டியில் நைட்ரோகிளிசரின், காலணியின் குதிகாலுக்குள் பேட்டரி. எல்லாவற்றையும் விமானத்தின் கழிப்பறையில் ஒன்றுசேர்த்து, இருக்கைக்கு அடியில் ஒளித்துவிட்டு, செபுவில் இறங்கிப் போய்விட்டான். அடுத்து அந்த இருக்கையில் உட்கார்ந்த ஜப்பானிய இளைஞர் உயிரிழந்தார். திசைதிருப்பும் கருவிகள் பழுதாகியும், விமானி எட்வர்டோ ரெயெஸ் எஞ்சின் விசையைக் கூட்டியும் குறைத்தும் விமானத்தைத் திருப்பி ஒகினாவாவில் இறக்கினார். இது வெறும் ஒத்திகை. அசல் திட்டம் வேறு எங்கோ எழுதப்பட்டிருந்தது.

1995 ஜனவரி 6. மணிலாவில் யூசுப் தங்கியிருந்த வாடகைக் குடியிருப்பில் ரசாயனம் கலக்கும்போது புகை கிளம்பியது. போலீசார் உள்ளே நுழைந்தார்கள். அங்கே ஒரு லேப்டாப் கிடைத்தது. பதினோரு அமெரிக்க விமானங்களை ஏறக்குறைய ஒரே நேரத்தில் தகர்க்கும் திட்டம் அதற்குள் கோப்புகளாக இருந்தது. இந்தக் கதைக்குள் லேப்டாப் முதன்முதலாக நுழைந்த இடம் இதுதான். அன்று அது சதியைக் காட்டிக்கொடுத்தது. சதிக்கே கூடாக மாறும் காலம் இன்னும் தள்ளி இருந்தது.

தொண்ணூறுகளில் வியாபாரப் பயணிகளின் கைகளில் லேப்டாப் பெருகியது. சோதனை வாசல்களில் காவலர்கள் அதை என்ன செய்தார்கள்? “ஆன் செய்து காட்டுங்கள்” என்றார்கள். திரை ஒளிர்ந்தால் போகலாம். பாக்தாத்தில் ரேடியோ பாடியதும் விட்டுவிட்ட அதே சோதனை, அதே நம்பிக்கை! ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் 115 பேரைக் காப்பாற்றத் தவறிய ஒரு வழிமுறையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

2001 செப்டம்பர் 11 எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. அந்த நவம்பரில் அமெரிக்காவில் டிஎஸ்ஏ என்ற பாதுகாப்பு அமைப்பு பிறந்தது. காலணியைக் கழற்று, பெல்ட்டைக் கழற்று என்று அடுத்தடுத்து வந்த கட்டளைகளின் நடுவே லேப்டாப் பற்றியும் ஒன்று இருந்தது. ஆன் செய்ய வேண்டாம், பையிலிருந்து வெளியே எடுத்தால் போதும். மற்றவற்றோடு ஒப்பிட்டால் மிகச் சின்ன விதி. அதைப் பற்றிப் பெரிதாகப் பேச யாருக்கும் தோன்றவில்லை. 2008-இல் டிஎஸ்ஏவே அதைத் தளர்த்திப் பார்த்தது. லேப்டாப்புக்கு மேலும் கீழும் எதுவும் மறைக்காதபடி விரித்து வைக்கக்கூடிய பை என்றால் வெளியே எடுக்க வேண்டாம் என்றது. அந்தச் சின்ன விதி அப்படியே தேய்ந்து மறைந்திருக்கக்கூடும்.

அதற்குள் நடுவில் ஒரு முன்னோட்டமும் நடந்து முடிந்திருந்தது. 2006 ஆகஸ்ட் 10. குளிர்பானப் புட்டியில் திரவ வெடிமருந்தைக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலுக்கு மேலே விமானங்களைத் தகர்க்கும் சதியை பிரிட்டிஷ் போலீசார் கண்டுபிடித்தார்கள். பிரிட்டன் ஒரே இரவில் கைப்பைகளையே தடை செய்தது. பர்சையும் பாஸ்போர்ட்டையும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். லேப்டாப், செல்போன், ஐபாட் எல்லாம் சரக்கறைக்கு. ஹீத்ரோ ஸ்தம்பித்தது. நான்கைந்து நாளிலேயே தடையைத் தளர்த்திவிட்டார்கள். திரவத்துக்கான கட்டுப்பாடு மட்டும் நிலைத்தது. எலெக்ட்ரானிக் சாதனங்கள் தப்பித்தன. ஆனால் அவற்றை மூட்டைகட்டிச் சரக்கறையில் போடுவது பாதுகாப்பானதா என்று அன்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை 2010-இல் துபாய் கேட்டது.

செப்டம்பர் 3. துபாயிலிருந்து ஜெர்மனிக்குப் புறப்பட்ட யுபிஎஸ் சரக்கு விமானம் ஒன்றில் தீப்பிடித்தது. பல்லாயிரம் லித்தியம் பேட்டரிகள் அதில் சரக்காக ஏறியிருந்தன. விமானி அறை முழுக்கப் புகை. கருவிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. துபாய்க்கே திரும்ப முயன்ற விமானம் தரையில் மோதியது. விமானிகள் இருவரும் இறந்தார்கள்.

அடுத்த மாதம் 29-ஆம் தேதி அதே துபாயில் ஒரு பார்சல் சிக்கியது. ஏமனிலிருந்து சிகாகோவுக்கு அனுப்பப்பட்ட கம்ப்யூட்டர் பிரிண்டர். அதன் மை கார்ட்ரிஜுக்குள் பிஇடிஎன் வெடிமருந்து. இன்னொன்று இங்கிலாந்தின் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தில் நின்றது. சவுதி உளவுத்துறை பார்சல் எண்ணையே கொடுத்திருந்தும், அங்கே முதல் சோதனையில் எதுவும் அகப்படவில்லை. மறுபடி பார்த்த பிறகே குண்டு என்று தெரிந்தது. முதலில் பிரித்தபோது ஒரு போலீஸ்காரர் தெரியாமலே அதைச் செயலிழக்கச் செய்திருந்தார். குண்டுகளை அனுப்பிய அல்காய்தாவின் ஏமன் பிரிவு, செப்டம்பரில் யுபிஎஸ் விமானத்தை வீழ்த்தியதும் தாங்களே என்று மார்தட்டியது. விசாரணை அதை மறுத்தது. அங்கே குண்டு எதுவும் இல்லை. பேட்டரியே போதுமானதாக இருந்தது.

எலெக்ட்ரானிக் சாதனத்தில் ஆபத்து இரண்டு வகை என்று இப்போது தெரிந்தது. கேபினுக்குள் விட்டால் அதில் குண்டு இருக்கலாம். சரக்கறைக்குத் தள்ளினால் குண்டே இல்லாமலும் தீப்பிடிக்கலாம்; கேபினில் பிடிக்கும் தீயைப் பணிப்பெண் அணைப்பார், சரக்கறைத் தீயை அணைக்க அங்கே ஆள் கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்ட அதிகாரிகள் 2014 ஜூலையில் பழைய வழிக்கே திரும்பினார்கள். அமெரிக்காவுக்குப் பறக்கும் சில வெளிநாட்டு விமான நிலையங்களில், ஆன் ஆகாத போனுக்கும் லேப்டாப்புக்கும் அனுமதி இல்லை என்று டிஎஸ்ஏ அறிவித்தது. பயணிகள் சார்ஜர் தேடி ஓடினார்கள். மூன்றாவது முறையாக “ஆன் செய்து காட்டு”. ஒன்றரை ஆண்டில் மொகதிசுவிலிருந்து பதில் வந்தது.

2016 பிப்ரவரி 2. சோமாலியத் தலைநகரில் டர்கிஷ் ஏர்லைன்ஸ் விமானம் மோசமான வானிலையால் ரத்தானது. அதில் போகவிருந்த பயணிகளை டாலோ ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ321-இல் ஜிபூட்டிக்கு ஏற்றினார்கள். அவர்களில் ஒருவனுக்கு, சோதனையெல்லாம் முடிந்த பிறகு, விமான நிலைய ஊழியர்கள் இருவர் ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கேமராவில் அது பதிவானது. விமானம் தாமதமாகவே கிளம்பியது. இருபது நிமிடங்களில், சுமார் 11,000 அடி உயரத்தில், வலது பக்கச் சன்னலோரம் லேப்டாப் வெடித்தது. விமானத்தின் உடலில் ஆள் நுழையும் அளவு ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டை வழியே வெளியே வீசப்பட்டவன் குண்டு கொண்டுவந்தவனேதான்.

வேறு யாரும் சாகவில்லை. விமானம் முழு உயரத்துக்கு ஏறியிருந்தால் உள்ளழுத்தமே அதைக் கிழித்திருக்கக்கூடும். தாமதம் காப்பாற்றியது, தாழ்வான உயரம் காப்பாற்றியது. விமானி விளாட்கோ வொடோபிவெக் ஓட்டையோடு விமானத்தைத் திருப்பி மொகதிசுவில் பத்திரமாக இறக்கினார். அடுத்த மாதமே சோமாலியாவின் பெலெட்வெய்ன் விமான நிலையத்தில் இன்னொரு லேப்டாப் சோதனை இடத்திலேயே வெடித்தது. லேப்டாப் குண்டு இனி கற்பனை இல்லை. ஆனாலும் அதிரடி அறிவிப்பு வர ஓராண்டு ஆனது. வந்தபோது அதற்குக் கொடுத்த அவகாசம் வெறும் 96 மணி நேரம்.

2017 மார்ச் 21. துபாய், அபுதாபி, தோஹா, குவைத், ஜெத்தா, ரியாத், கெய்ரோ, அம்மான், இஸ்தான்புல், காசாபிளாங்கா ஆகிய பத்து விமான நிலையங்களிலிருந்து நேராக அமெரிக்கா வரும் விமானங்களில், செல்போனைவிடப் பெரிய எந்த எலெக்ட்ரானிக் சாதனமும் கேபினுக்குள் வரக் கூடாது என்றது அமெரிக்கா. லேப்டாப், டேப்லட், கேமரா, மின்நூல் படிப்பான் எல்லாம் சரக்கறைக்கு. அன்றே பிரிட்டனும் ஆறு நாடுகளுக்குத் தடை போட்டது; ஆனால் அந்தப் பட்டியலில் துபாயும் தோஹாவும் இல்லை! ஒரே உளவுத் தகவலை வைத்துக்கொண்டு இரண்டு நட்பு நாடுகள் இரண்டு வேறு பட்டியல் போட்டது பலரைக் குழப்பியது.

சென்னையிலிருந்து வளைகுடா வழியாக அமெரிக்கா போகும் ஐடி ஊழியர்களுக்கும், பேரக் குழந்தைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும் இந்தத் தடை நேரடியாகவே விழுந்தது. அலுவலக லேப்டாப்பைச் சரக்கறையில் போட நிறுவனங்கள் தயங்கின. எமிரேட்ஸும் கத்தார் ஏர்வேஸும் உயர்வகுப்புப் பயணிகளுக்கு விமானத்தில் லேப்டாப்போ டேப்லட்டோ இரவல் கொடுத்தன. லேப்டாப் இல்லாத பன்னிரண்டு மணி நேரத்தில் செய்யக்கூடிய பன்னிரண்டு காரியங்களைப் பட்டியலிட்டு ராயல் ஜோர்டானியன் கலகலப்பாக ட்வீட் போட்டது. ஏப்ரலில் எமிரேட்ஸ் அமெரிக்காவுக்கான சேவைகளைக் குறைத்தது. மே மாதத்தில் தடை ஐரோப்பாவுக்கும் நீளப்போகிறது என்ற செய்தி பரவியது. பயணிகளுக்கு ஏற்படும் இழப்பு 110 கோடி டாலர் என்று விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐஏடிஏ கணக்குக் காட்டியது. பிரஸ்ஸல்ஸில் அமெரிக்க, ஐரோப்பிய அதிகாரிகள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் வாஷிங்டனில் இன்னொரு குண்டு வெடித்திருந்தது.

மே 10 அன்று அதிபர் டிரம்ப் வெள்ளை மாளிகையில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவைச் சந்தித்தார். பேச்சுவாக்கில் லேப்டாப் சதி பற்றிய மிக ரகசியமான தகவலைச் சொல்லிவிட்டார் என்று ஐந்து நாள் கழித்து வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. தகவல் கொடுத்தது இஸ்ரேல் என்று மற்றப் பத்திரிகைகள் எழுதின. சிரியாவில் ஐஎஸ் குழுவின் குண்டு செய்வோர் லேப்டாப் பேட்டரியைப் போலவே தோன்றும் குண்டைச் செய்ய முயல்கிறார்கள் என்பது அந்தத் தகவலின் சாரமாக வெளியானது. எக்ஸ்ரேயையும் ஏமாற்றும், ஆன் செய்தால் லேப்டாப்பும் ஒளிரும். பாக்தாத்தில் பாடிய ரேடியோ முப்பது ஆண்டு கழித்துப் புது உருவத்தில் வந்திருந்தது.

சரி, எல்லாவற்றையும் சரக்கறைக்கே தள்ளிவிடலாம் என்றால் அட்லாண்டிக் சிட்டி அருகே அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் ஆய்வுக்கூடம் குறுக்கே நின்றது. அங்கே பொறியாளர்கள் லேப்டாப்பைத் துணிமணியோடு சூட்கேஸில் வைத்து, பேட்டரியைச் சூடாக்கிப் பார்த்தார்கள். பெட்டியில் தலைக்கு அடிக்கும் ஸ்பிரே டின் ஒன்றையும் சேர்த்து வைத்த சோதனையில், 40 விநாடிகளுக்குள் டின் வெடித்தது. சரக்கறையின் தீயணைப்பு வாயு வேலை செய்யக்கூட நேரம் இல்லை. பெரிய எலெக்ட்ரானிக் சாதனங்களைச் சரக்கறைப் பெட்டியில் வைக்கக் கூடாது என்ற பரிந்துரையோடு இந்த முடிவுகள் அந்த அக்டோபரில் வெளியாயின. பாதுகாப்பு அதிகாரிகள் வெளியே தள்ளச் சொன்ன பொருளை, தீ நிபுணர்கள் உள்ளே வைக்கச் சொன்னார்கள்.

கேபினிலும் வேண்டாம், சரக்கறையிலும் வேண்டாம் என்றால் லேப்டாப் எங்கேதான் போவது?

ஜூன் 28-இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் செயலர் ஜான் கெல்லி வழி சொன்னார். பொருளைத் தடுக்க வேண்டாம், பார்வையைக் கூர்மையாக்கினால் போதும். அமெரிக்காவுக்குப் பறக்கும் 105 நாடுகளின் 280 விமான நிலையங்கள் சோதனையைக் கடுமையாக்க வேண்டும். செய்கிறவர்களுக்குத் தடை கிடையாது. ஜூலை 2-இல் முதலில் தப்பித்தது அபுதாபி. சில நாட்களில் துபாய், இஸ்தான்புல், தோஹா. அந்த மாதம் முடிவதற்குள் கடைசியாக ரியாத்தும் விடுபட்டது. நான்கே மாதங்களில் அமெரிக்கத் தடை மறைந்தது.

ஜூலை 26. டிஎஸ்ஏ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2002 வாக்கில் யாரும் கவனிக்காமல் பிறந்து, 2008-இல் தேயத் தொடங்கிய அந்தச் சின்ன விதி மீண்டு வந்தது, முன்பைவிடப் பெரிதாக. செல்போனைவிடப் பெரிய சாதனம் எதுவானாலும் பையிலிருந்து வெளியே வரவேண்டும். அதற்கு மேலும் கீழும் எதுவும் இருக்கக் கூடாது. தனியாக ஒரு டிரேயில் படுக்க வேண்டும்.

இன்று உலகின் பல விமான நிலைய வரிசைகளில் கேட்கும் “லேப்டாப் இருந்தா வெளியே எடுங்க, தனி டிரேல வைங்க” என்ற குரல் பிறந்த கதை இது. சென்னையில் சிஐஎஸ்எஃப் காவலர் சொல்லும்போது சார்ஜரும் பவர் பேங்கும் சேர்ந்துகொள்ளும். அந்த டிரேயில் லேப்டாப் ஒளிர வேண்டியதில்லை, பாட வேண்டியதில்லை. வேறெந்த நிழலும் மேலே விழாமல் அசையாது கிடந்தால் போதும். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் பேட்டரிதான் இருக்கிறதா, அதன் அடர்த்தி சரியா என்று திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது எளிதாகிறது. ரேடியோ ஒலித்ததும் நம்பியவர்களிடமிருந்து இங்கே வந்து சேர முப்பது ஆண்டுகள் ஆயின. வழியில் சோதித்துக் கைவிட்ட எல்லா ஏற்பாடுகளையும்விடப் பயணிக்குக் குறைந்த சிரமம் தருவதும், காவலருக்கு அதிகம் காட்டுவதும் இந்த டிரேதான்.

அதன் காலமும் இப்போது முடியத் தொடங்கியிருக்கிறது. ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி ஸ்கேன் கடைசியில் கைப்பைகளின் வாசலுக்கே வந்துவிட்டது. பையைச் சுற்றிச் சுழன்று முப்பரிமாணப் படம் எடுக்கும் இந்த இயந்திரம் உள்ள வரிசைகளில் லேப்டாப்பைப் பைக்குள்ளேயே விட்டுவிடலாம். ஆம்ஸ்டர்டாமில் அப்படித்தான் நடக்கிறது. பல நாடுகள் வாசல் வாசலாக மாற்றி வருகின்றன. லித்தியத்துக்கான விதி மட்டும் இறுகிக்கொண்டே போகிறது. 2025 ஜனவரியில் தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் கிளம்பும் முன்பே தீப்பிடித்து எரிந்தது; 176 பேரும் இறங்கித் தப்பினார்கள். அந்த மார்ச் முதல் தென் கொரிய விமானங்களில் பவர் பேங்கை மேல் பெட்டகத்தில்கூட வைக்க முடியாது. பயணி அதைத் தன் கையெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும்.